மாமரத்தின் மேல் போட்ட பழி

மைக்ரோவேவ் லிங்க் போடுகிறவனின் வேலை, தூரத்தில் நிற்கும் இரண்டு டிஷ்களை ஒன்றையொன்று பார்க்க வைத்துவிட்டு, நடுவில் எதுவும் குறுக்கே வராமல் காவல் காப்பது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் டவரும் மொட்டை மாடியுமாக ஏறி இறங்கும் சகபாவிகளே, பிடரி வெந்த கதை உங்களுக்கே தெரியும். இது எனக்கு மனசு வெந்த கதை.

கண்ணாடி காட்டினோம்

நாகரசம்பட்டிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. அதன் மொட்டை மாடியிலிருந்து, பர்கூர்ப் பக்கத்துக் கரட்டுக் குன்றின் மேல் நிற்கும் டவருக்கு லிங்க் போட வேண்டும். மாடியில் நான், டவரில் என் கூட்டாளி முனிராஜ். பேரிகை ஊர்க்காரன்; ஒரே மூச்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவான். இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று தெரிகிறதா என்று பார்க்க எங்களிடம் இருப்பது முகம் பார்க்கும் கண்ணாடிதான். அவன் வெயிலை என் பக்கம் திருப்பினான்; கரட்டின் மேல் ஒரு பொட்டு மின்னியது. பொட்டுக்குச் சற்று இடப்புறம், பக்கத்துத் தோப்பின் மேட்டில், ஒரு மாமரத்தின் தலை. போனில் சொன்னேன். "ஓரமாத்தானண்ணா இருக்குது, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றான்.

முதல் ஏற்றம்

டிஷ்ஷைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் சிக்னல் ஏறும், பிறகு இறங்கும். டிஷ்ஷின் நடுவிலிருந்து பலமான கற்றை ஒன்றும், இரண்டு பக்கமும் சோனியான, பலமில்லாத கற்றைகளும் கிளம்புகின்றன. அதனால் முதல் ஏற்றத்திலேயே நின்றுவிடக் கூடாது. தாண்டித் திருப்பி, மூன்று ஏற்றங்களையும் பார்த்துவிட்டு, நடுவிலுள்ள பெரியதைப் பிடிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே படிக்கும் பாடம்.

அன்று மத்தியான வெயிலில், முதல் ஏற்றத்திலேயே போல்ட்டை இறுக்கிவிட்டேன். கணக்குப்படி வர வேண்டியதைவிடச் சிக்னல் ரொம்பக் குறைவு. முனிராஜ் தயங்கித் தயங்கி, "இன்னும் ஸ்வல்ப திருப்பிப் பாக்கலாமாண்ணா?" என்றான். ஸ்வல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம். "யாருக்கு யாருடா சொல்லித் தர்றது? மரம் மறைக்குது" என்று பாய்ந்தேன். அவன் சொன்னது: "சரிங்கண்ணா, இறங்கறேன்."

வெள்ளரிக்காய்ப் படம்

தூறல் விழுந்தால் போதும், அந்தச் சோனிச் சிக்னல் அறுந்துவிடும். ஆலை கேட்டில் கம்ப்யூட்டர் நின்றுபோகும்; பழ வண்டிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டும். மேனேஜர் என்னைப் போட்டு உலுக்கினார். நான் மரத்தைக் கைகாட்டினேன்.

தோப்பு மாதம்மாளுடையது. தோப்பு முழுக்கக் கூழுக்குப் போகும் பெங்களூரா மா. மேட்டில் நின்ற அந்த ஒன்று மட்டும் மல்கோவா, வீட்டுக்கும் சொந்தபந்தத்துக்கும் என்று விட்டது. அவருடைய பழ டிராக்டரும் அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தது. அலை நூல் மாதிரி போகாது, வெள்ளரிக்காய் மாதிரி நடுவில் உப்பிப் போகும், ஓரத்து மரம்கூட அதில் உரசும் என்று மண்ணில் படம் போட்டுக் காட்டினேன். சொன்னதெல்லாம் உண்மை; அந்த மரம்தான் உரசவில்லை. மாதம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஊர்ப் பழமெல்லாம் ரோட்டுல அழுகுது. படிச்ச புள்ள, பாக்காமயா சொல்லுவ? வெட்டிக்க தம்பி."

மரம் சாய்ந்த பிறகு

மாடிக்கு ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தேன். பழைய எண்ணே நின்றது. போல்ட்டைத் தளர்த்தி, முனிராஜ் கேட்ட அந்த ஸ்வல்பத்தைத் திருப்பினேன். சிக்னல் இறங்கியது, பிறகு எகிறியது, கணக்கில் இருந்த எண்ணிலேயே வந்து நின்றது. ஐந்து நிமிஷ வேலை.

மரம் போனதால்தான் சரியாயிற்று என்று நினைத்து மேனேஜர் கைகொடுத்தார். அப்படியே கிளம்பியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. மாதம்மாள் கிளைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். காய்கள் பிஞ்சும் பழமுமாகக் கீழே கிடந்தன. "அக்கா, தப்பு என்னோடது. மரம் மறைக்கல. டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பினேன், சரியாயிடுச்சு" என்றேன். அதுவரை தம்பி என்று கூப்பிட்டவர் நிமிர்ந்து பார்த்தார். "மரத்தையும் அப்படிக் கொஞ்சம் திருப்பி வெச்சுட்டுப் போங்க சார்."

அந்த லிங்க் இன்றுவரை அறுந்ததில்லை என்றாலும், ஆலையிலிருந்து அழைப்பு வந்தால் முனிராஜைத்தான் அனுப்புகிறேன். எந்த டிஷ்ஷையும் சரியாகத் திருப்பத் தெரிந்துகொண்ட எனக்கு, அந்த மேட்டின் பக்கம் முகத்தைத் திருப்பத்தான் இன்னும் வரவில்லை.