வியாழன் மாலைகளில் நான் மறைத்த கறிகள்

எங்கள் நிறுவனத்தை வாங்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வியே என்னைப் பற்றியதாக இருந்தது. வியாழக்கிழமை தோறும் மாலையில் ஒரே ஒரு ஆள் உள்ளே நுழைந்து, நன்றாக விற்கும் கறிகளில் பாதியை இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறார். சனிக்கிழமை காலையில் அவரே அவற்றைத் திரும்பப் போடுகிறார். யார் இவர், ஏன் இப்படிச் செய்கிறார்?

அந்த ஆள் நான்தான்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம், ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் வீட்டிலேயே சமைத்து விற்கும் பெண்கள் பலர் உண்டு. அவர்களின் சாப்பாட்டை இணையத்தில் விற்று வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் தொழில். மென்பொருளை எழுதியவர் முதலாளி. என்னைவிட வயதில் இளையவர் என்பதால் நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். சமைக்கும் பெண்களோடு கதைப்பதும் வாடிக்கையாளரின் தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் என் பொறுப்பு.

இதற்கு முன் நான் ஒரு பயண முகவர் நிலையத்தில் இருந்தேன். ஆட்கள் தங்கள் கைத்தொலைபேசியிலேயே விமானச் சீட்டு எடுக்கத் தொடங்கியதும் அது மூடப்பட்டது. அப்போது எனக்கு நாற்பதும் சில வருடங்களும். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். இந்த வயதில் இன்னொரு இடத்தில் போய் முதலிலிருந்து தொடங்க முடியாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆகவே அந்த வாரங்களில் என் மனதில் இருந்தது ஒரே கேள்வி: இவர்கள் வாங்கினால் எனக்கு வேலை இருக்குமா?

வாங்க வந்தது சிங்கப்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் பெரிய நிறுவனம். அது வளர்ந்த விதத்தை நான் தள்ளி நின்று கவனித்திருக்கிறேன். முதலில் களுபோவிலையில் மரக்கறி கொண்டுவந்து கொடுத்த ஒரு சின்ன நிறுவனத்தை வாங்கினார்கள். சில மாதங்கள் பழைய பெயர் அப்படியே இருந்தது. பிறகு அதன் கீழே சிறிய எழுத்தில் புதிய பெயர் வந்தது. பிறகு நிறம் மாறியது. ஒருநாள் பார்த்தால் பழைய பெயரையே காணவில்லை. அடுத்தது தெமட்டகொடையில் பார்சல் அனுப்பும் நிறுவனம். அங்கும் இதே ஒழுங்குதான். இரண்டு இடத்திலும் மென்பொருள் எழுதியவர்கள் தங்கினார்கள், தொலைபேசி எடுத்தவர்கள் போனார்கள். பெரிய நிறுவனத்திடம் தொலைபேசி எடுக்க ஏற்கெனவே ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

வெள்ளவத்தைக்கு அவர்கள் முதலில் தாமாகவே வந்து பார்த்தார்கள். வீதியெங்கும் விளம்பரம், மலிவு விலை, பளபளக்கும் மேற்சட்டையில் மோட்டார் சைக்கிள்காரர்கள். ஆனால் எங்கள் பெண்கள் அசையவில்லை. செயலியைத் திறந்து பொத்தானை அழுத்தும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. காலையில் நான் தொலைபேசியில் எடுத்து, "இண்டைக்கு எத்தின பேருக்கு அன்ரி?" என்று கேட்டால்தான் அடுப்பு மூளும். கொஞ்ச நாளில் பெரிய நிறுவனம் அந்த முயற்சியைக் கைவிட்டுவிட்டு எங்கள் முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டது.

"எங்களிட்ட என்ன கிடக்கு தம்பி வாங்க? ரெண்டு மேசையும் ஒரு பழைய ஏசியும்," என்றேன்.

"சனத்தை வாங்கினம் அக்கா. சமைக்கிற சனத்தையும் சாப்பிடுற சனத்தையும். கட்டிறதைவிட வாங்கிறது சுகம் எண்டு கண்டிட்டினம்."

"அப்ப என்னை?"

அவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு, "கதைக்கிறன் அக்கா," என்றார். அதை நான் அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார் என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

கையெழுத்திடுவதற்கு முன் எங்களைப் பரிசோதிக்க ஒரு பெண் வந்தார். சிங்களவர், இரத்மலானையிலிருந்து பஸ்ஸில் வருவார், முப்பது வயதிருக்கும். முதல் நாளே என்னை அக்கே என்று கூப்பிட்டார். நானும் நங்கி, அதாவது தங்கை, என்றேன். ஆங்கிலத்தில் கதைப்போம், இடைக்கிடை சிங்களம், அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழ். மூன்றாம் நாள் கதவைச் சாத்திவிட்டு என்னையும் முதலாளியையும் இருத்தி, சிங்கப்பூரிலிருந்து வந்த அந்தக் கேள்வியை வாசித்தார். முன்பு வாங்கிய ஒரு நிறுவனத்தில் யாரோ இரகசியமாக ஓடர்களை வேறிடத்துக்குத் திருப்பியிருந்தார்களாம். அதனால் இப்படி எதைக் கண்டாலும் சந்தேகம்.

முதலாளி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்களோ இதைச் செய்யிறனீங்கள்? புரோகிராம் எல்லோ செய்யிறது?"

"எந்தப் புரோகிராம்? 'இப்போதைக்குக் கையால மூடுங்கோ அக்கா, பிறகு எழுதித் தாறன்' எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அது தொடங்கின வருசமெல்லோ?"

"ஓம். அண்டைக்குத் தொட்டுக் கையாலதான்."

நான் நங்கிக்கு விளக்கினேன். எங்கள் வாடிக்கையாளர் பெரும்பாலும் சைவ சமயத்தவர். வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டார்கள். மச்சம் என்றால் மீன், இறைச்சி, றால், நண்டு எல்லாம். சாப்பிடும் ஆட்களும் இருக்கிறார்கள்தான். தொடக்கத்தில் அவர்களுக்காக மூடாமல்தான் விட்டிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறிப் பொதியும் பூசணிக்காய்க் கறிப் பொதியும் ஒரே பையில் போய், ஆட்டுக்கறியின் எண்ணெய் மற்றதில் ஊறிவிட்டது. அந்த வீட்டு அம்மா பையைக்கூட உள்ளே எடுக்கவில்லை. ஒழுங்கை முழுவதும் கதை பரவியது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை எங்களிடம் மச்சமே இல்லை.

நங்கி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நம்பிக்கையை அறிக்கையில் எழுத முடியாது. அந்த வியாழன் மாலை வீட்டில் விளக்கேற்றிவிட்டுத் தொலைபேசியை எடுத்தால் என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. நங்கியிடமிருந்து செய்தி வந்தது: ஒரு வெள்ளிக்கிழமை மூடாமல் விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள் அக்கே, கோபிக்க வேண்டாம். கோபம் வரவில்லை. கடவுச்சொல்லைப் பிடுங்கினால் அடுத்தது கதிரையைத்தான் பிடுங்குவார்கள் என்ற நினைப்புத்தான் வந்தது.

வெள்ளி காலையில் நங்கி என் மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். நான் தொலைபேசியை ஒலிபெருக்கியில் விட்டேன். முதல் அழைப்பு உருத்திரா மாவத்தையிலிருந்து.

"பிள்ளை, இண்டைக்கு வெள்ளியெல்லே? உங்கட பக்கத்தில நண்டு நிக்குது."

"ஓம் அன்ரி, ஒரு சின்னப் பிழை."

"கடையை ஆரோ வாங்கினமாம் எண்டு கேள்வி. கடை கைமாறினா வெள்ளிக்கிழமையும் கைமாறுமோ?"

அடுத்தவர் தன் வழக்கமான இடியப்பத்தையும் சொதியையும் நிறுத்தச் சொன்னார். "அதே பையிலதானே வரும்," என்றார், வேறு விளக்கம் தரவில்லை. இன்னொருவர், ஓய்வுபெற்ற கணக்காளர், எங்களுக்கு யாரோ செய்வினை செய்துவிட்டார்களா என்று மிக மரியாதையாக விசாரித்தார். நங்கிக்கு நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். செய்வினைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அந்தக் குரலிலேயே விளங்கிச் சிரித்துவிட்டார்.

ஆட்டுக்கறி கேட்டும் சில ஓடர்கள் வந்தன. ஆனால் சமைப்பது யார்? வெள்ளவத்தைப் பெண்களிடம் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு வேதக்கார அம்மா இருக்கிறார், கத்தோலிக்கர், இறைச்சிக் கறியில் கைதேர்ந்தவர். அவரிடம் கேட்கலாம் என்று முதலாளிக்கு யோசனை வந்தது. எடுத்தேன்.

"என்னம்மா கேக்கிறீங்கள்? தவக்காலத்து வெள்ளி," என்றார் அவர். "இண்டைக்கு நான் ஆட்டிறைச்சி அடுப்பில வைச்சா, பின்னேரம் கோயில்ல என்ன முகத்தோட முழங்கால்ல நிக்கிறது? மீன் எண்டா தாறன்."

"மீனை இண்டைக்கு ஆர் வாங்கப்போகினம்?"

"அதை நீங்கதான் பாக்கோணும். உங்கட ஆக்கள் மீன் தின்னமாட்டினம், எங்கட ஆக்கள் இறைச்சி தின்னமாட்டினம். உங்கட பெரிய கொம்பனியை இண்டைக்குச் சும்மா படுக்கச் சொல்லுங்கோ."

முதலாளி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஆட்டுக்கறி கேட்டவர்களிடம் நானே பேசி மன்னிப்புக் கேட்டு ஓடர்களை நீக்கினேன். மதியத்துக்குள் வழக்கமான மரக்கறி ஓடர்களும் பாதியாகிவிட்டன. நங்கி திரையைப் பார்த்தபடி இருந்தார்.

பிறகு, "அக்கே, பொஹோய தவச வகே நே," என்றார். பௌத்தர்கள் விரதம் காக்கும் பௌர்ணமி நாள் மாதிரித்தானே என்று. "எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். பொஹோயவில அம்மா முட்டைகூட உடைக்க விடமாட்டா. இது உங்கட ஒவ்வொரு கிழமையும் வாற பொஹோய." பூசணிக்காய்க் கறியும் சோறும் வரவழைத்து என்னோடு சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் என் கண் முன்னாலேயே கடவுச்சொல்லைத் திறந்துவிட்டார். நான் உட்கார்ந்து நண்டு, றால், மீன், கோழி, ஆடு என்று ஒழுங்காக மூடினேன். அவ்வளவு ஆறுதலாக நான் எதையும் மூடியதில்லை.

பதில் வர இன்னும் ஒரு வாரம் எடுத்தது. அந்த வாரம் எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. காலையில் அலுவலகப் படியேறும்போது, இந்தப் படியில் இன்னும் எத்தனை தடவை ஏறுவேனோ என்று யோசிப்பேன். பதில் வந்த அன்று நங்கி முதலில் முதலாளியிடம் போகவில்லை, நேராக என் மேசைக்கு வந்தார். வாங்குகிறார்கள். இந்த அலுவலகம் இப்படியே இருக்கும். சமைக்கும் பெண்களைப் பார்க்க ஒரு ஆள் தேவை, அது நான். தொலைபேசி மண்டபத்து ஆட்களால் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று அறிக்கையில் எழுதினாராம். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அந்தப் பழைய ஏசியின் இரைச்சல்கூட அன்று நல்லதாகக் கேட்டது.

ஒரேயொரு மாற்றம். வெள்ளிக்கிழமையை இனி மென்பொருளே பார்த்துக்கொள்ளும். எந்தக் கறி மச்சம் என்று நான் சொல்ல, முதலாளி குறித்துக்கொண்டே வந்தார்.

"முட்டைக் கறி?" என்றார்.

"மூடுங்கோ."

"கேக்கிலயும் முட்டை இருக்கெல்லோ அக்கா. அதையும் மூடுவமோ?"

"கேக்கை விடுங்கோ. கேக்கை ஒருத்தரும் முட்டையெண்டு நினைச்சுச் சாப்பிடுறேல்லை."

நங்கி அதையும் எழுதிக்கொண்டார். சிங்கப்பூரில் யாரோ ஒருவர் அந்த வரியை வாசித்து என்ன நினைத்திருப்பார் என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு.

கையெழுத்தான பிறகு வந்த முதல் வியாழன் மாலை, விளக்கேற்றிவிட்டுப் பழக்கத்தில் தொலைபேசியை எடுத்தேன். பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் வந்ததும் நண்டு தானாகப் போனது. றால் போனது. மீன், கோழி, ஆடு. நான் தொடவேயில்லை. ஒரு கணம் வெறுமையாகத்தான் இருந்தது. அப்போதுதான் சீனிச்சம்பல் இன்னும் நிற்பதைக் கண்டேன். சீனிச்சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும். ஒவ்வொரு கிழமையும் கடைசியாக நான் மூடுவது அதைத்தான். முதலாளியிடம் சொல்ல மறந்தது நானேதான்.

அதைச் செய்யும் அன்ரி கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருக்கிறார். உடனே எடுத்தேன்.

"அன்ரி, சீனிச்சம்பல் திறந்து கிடக்கு. நாளைக்கு வெள்ளி. சொல்ல மறந்திட்டன்."

"கிடக்கட்டும்."

"மாசி இருக்கெல்லே அதுக்க?"

"வெள்ளிச் சம்பலுக்கு நான் எப்ப பிள்ளை மாசி போட்டனான்? வெள்ளிக்கு வேற சட்டியில செய்யிறனான்."

"அப்ப இவ்வளவு காலமும்?"

"இவ்வளவு காலமும் நீர் மூடி வைச்சனீர். வித்துப்போகாது, நாங்கள் வீட்டில பாணோட சாப்பிட்டம். கேப்பமெண்டு நினைச்சனான். நீர் எல்லாம் ஒழுங்காச் செய்யிற ஆள், ஏதோ காரணம் இருக்குமெண்டு விட்டிட்டன்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைத் திறந்து பார்த்தார். தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மரின் டிரைவ் வரை நடந்தேன். வியாழக்கிழமை மாலையில் கடற்கரையில் இத்தனை பேர் நடப்பார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மறுநாள் பத்து மணிக்கு முன்பே சீனிச்சம்பல் முடிந்துவிட்டது. எனக்கென்று ஒன்று எடுத்து வைக்கும்படி அன்ரியிடம் முன்பே சொல்லியிருந்தேன்.