குதிரை சாப்பிட்ட பிறகு

அப்பா வாயை மூடிக்கொண்டது ஒரு திங்கட்கிழமை காலையில். இட்லியைப் பிட்டு உதட்டருகே கொண்டு போனேன். தலையைத் திருப்பிக்கொண்டார். பல்வலி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பயந்துபோய் மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு ஓடினோம்.

இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்காக எழுதுகிறேன். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

அப்பா சவரிமுத்து, ராஜஸ்தான் எல்லையில் குதிரைமீது ரோந்து போன சிப்பாய். ஓய்வுபெற்றுத் திண்டுக்கல்லில் இருந்தவரை, அம்மா இறந்த பிறகு கடல் தாண்டி இங்கே புக்கிட் மேராவில் எங்கள் பன்னிரண்டாவது மாடி வீட்டுக்கு அழைத்து வந்தேன். மறுவருடமே டிமென்ஷியா (நினைவும் அறிவும் படிப்படியாகத் தேயும் நோய்) என்றார்கள். மணலும் வானமுமாகப் பார்த்துப் பழகியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர் பிளாக்கைப் பார்த்தபடி நின்றார். எங்கேயாவது போய்த் தொலைந்துவிடுவார் என்று இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பெற்ற அப்பாவுக்கே நான் ஜெயிலர்.

மருத்துவமனையில் விழுங்கும் பரிசோதனை செய்தார்கள். டாக்டர் கவிதா, இங்கேயே பிறந்து வளர்ந்தவர், என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"அக்கா, தண்ணி குடிச்சா கொஞ்சம் லங்ஸ் பக்கம் போகுது. அதுக்கு தண்ணிய கெட்டியாக்குற திக்கனர் கலந்து குடுக்கலாம். ஆனா அப்பா வாயே தொறக்க மாட்டேங்கிறாரு லா. டியூப் போடணுமான்னு நீங்கதான் டிசைட் பண்ணணும்."

"போடலைன்னா?"

"இப்படியே சாப்பிடாம இருந்தா ரொம்ப நாள் தாங்க மாட்டாரு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. போடச் சொன்னேன். மூக்குவழி உணவுக்குழாய் (மூக்கில் நுழைத்து இரைப்பை வரை விடும் மெல்லிய குழாய்) போட்டார்கள். அன்று மாலையே பிடுங்கி எறிந்தார். மறுபடி போட்டு, இரண்டு கைகளுக்கும் தடித்த பஞ்சுக் கையுறை மாட்டி மணிக்கட்டில் கட்டினார்கள். விரல்கள் உள்ளே அசைவது வெளியே தெரிந்தது.

வீட்டுக்கு வந்தும் அதே குழாய், அதே கையுறை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் ஊற்றினேன். அப்போது அப்பா என்னைப் பார்க்கவே மாட்டார். குதிகால்களால் மெத்தையை உதைப்பார், குதிரையை முடுக்குவது மாதிரி.

"வயிறு ரொம்புது ஸ்டெல்லா. ஆனா மனுஷன் எங்க இருக்காரு?" என்றார் என் கணவர் ஜோசப்.

"அப்ப நீங்களே பட்டினி போடுங்க" என்று எரிந்து விழுந்தேன். ஒரு மாதம் கீழே சந்தை வரைகூட நான் போகவில்லை. அந்த அறையில் கட்டப்படாமல் கிடந்தவள் நான், அவ்வளவுதான் வித்தியாசம்.

செல்லையா மாமா மதுரையிலிருந்து வீடியோவில் அழைத்தார். அப்பாவோடு அதே குதிரைப் பிரிவில் இருந்தவர். கையுறையைப் பார்த்ததும், "இது என்னத்துக்கும்மா?" என்றார்.

"சாப்பிட மாட்டேங்கிறாரு மாமா. மொதல்ல அவருக்கு ஊட்டிட்டுதான் நாங்களே சாப்பிடுவோம்."

"மொதல்லயா? அங்கதாம்மா தப்பு. குதிரை தண்ணி குடிச்சு, கொள்ளு தின்ன பிறகுதான் சவாரிக்காரன் வாயில சோறு. முந்திக்கிட்டவன எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சு மானத்த வாங்கிருவாங்க. உங்கப்பன் காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட அந்த ஒழுங்க விட்டதில்ல."

பெரியவர்களுக்கு முதலில் போடுவது எங்கள் வீட்டு மரியாதை. நோயில் பழைய படைக்கே திரும்பிப் போயிருந்தவர், அந்த மரியாதையைத்தான் மூன்று வேளையும் மறுத்திருக்கிறார். நான் அதற்குக் குழாய் போட்டிருக்கிறேன்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ட்ரை பண்ணலாம் அக்கா. ஆனா வாய்வழியா குடுத்தா ரிஸ்க் இருக்கு. லங்ஸ்ல எறங்குனா நிமோனியா வரும். தெரிஞ்சு செய்யுங்க."

தெரிந்துதான் செய்தேன். குழாயை எடுத்தார்கள், கையுறையைக் கழற்றினார்கள். கஞ்சிக் கிண்ணத்தோடு முன்னால் உட்கார்ந்தேன்.

"அப்பா, குதிரை தண்ணி குடிச்சிருச்சு. கொள்ளும் தின்னுருச்சு."

சந்தேகமாகப் பார்த்தார். "வாளி?"

"காலிப்பா."

வாயைத் திறந்தார். ஆறு ஸ்பூன். நான் அழுத அழுகையில் ஜோசப் பதறியடித்து ஓடிவந்தார்.

அதன்பின் பதினொரு வாரம், மூன்று வேளையும் அதே பொய். அவருக்கு நோய் குறையவில்லை, கதவு பூட்டியேதான் இருந்தது. ஆனால் கைகள் அவருடையவை. சட்டைப் பித்தானைத் திருகுவார், என் தலையைத் தடவுவார், ஃபேரர் பார்க் கடையில் வாங்கிவந்த மாம்பழத்தைக் கூழாக்கித் தந்தால் கிண்ணத்தை வழித்து நக்குவார்.

பன்னிரண்டாவது வாரம் காய்ச்சல் வந்தது. நிமோனியா (நுரையீரலில் சளி கட்டும் தொற்று). சர்ச் சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். நான்காம் நாள் காலை, என் விரலைப் பிடித்தபடி அப்பா போய்விட்டார்.

"டியூப் இருந்திருந்தாலும் இது வந்திருக்கலாம் அக்கா" என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஒரு தட்டுச் சோறு சாப்பிட எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. தொண்டை என்று ஒன்று இருப்பதே முன்பெல்லாம் நினைவில் இருந்ததில்லை. இப்போது ஒவ்வொரு வாயும் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே விழுங்குகிறேன். நான் ஊட்டியதில் எந்த ஸ்பூன் அப்பாவின் நுரையீரலுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. காய்ச்சலுக்கு முந்தின நாள் மதியம் கொடுத்ததாக இருக்கலாம். அதை ருசித்துச் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். கொடுத்தேன்.