பச்சைப் புள்ளிக்காரர் ஜெயித்த கதை

வனமாமலைக்கு வயது நாற்பத்தொன்று. சொந்த ஊர் நாங்குநேரி. வாடகைக்கு இருப்பது மண்ணூரில் ஒரு மாடி அறை. வாழ்வது, உண்மையைச் சொன்னால், ஒரு செய்திப் பக்கத்தின் கமென்ட் பெட்டியில்.

ஒரகடத்தில் காருக்கு பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் தரம் பார்ப்பவர். லைனில் வரும் ஒவ்வொரு பாகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல் இல்லையென்றால் பெயின்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நிறம். வனமாமலைக்குப் பச்சை. எங்கோ வடக்கே ஒரு பாகம் உடைந்தால், புள்ளியின் நிறத்தைப் பார்த்து இங்கே மெமோ வரும். பன்னிரண்டு வருடமாக, நாளுக்கு ஆயிரத்து முந்நூறு முறை இப்படிப் பொறுப்பேற்றுக்கொண்ட மனிதருக்கு, உலகத்தில் வேறு எவனும் எதற்கும் பொறுப்பேற்பதில்லை என்று தோன்றியதில் வியப்பில்லை.

எனவே இணையத்தில் அவர் பெயர் 'உன்னைத்திருத்து'. படத்துக்கு எரியும் மெழுகுவத்தி. சாலையில் பள்ளம் என்று செய்தி வந்தால், "மெதுவாகப் போக வேண்டியது யார் பொறுப்பு?" என்று கேட்பார். ஏரி நாறுகிறது என்றால், "நேற்று வாங்கிய பாலித்தீன் பையை நீ எங்கே போட்டாய்?" என்பார். ஓட்டுப் போடாதவனுக்குக் கேள்வி கேட்க உரிமையில்லை என்று குறைந்தது நாற்பது இடத்தில் எழுதியிருக்கிறார். போன தேர்தலுக்குக் கிளாம்பாக்கத்தில் ஆறு மணி நேரம் நின்றும் நாங்குநேரிக்கு பஸ்ஸில் இடம் கிடைக்காமல் அறைக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டதை மட்டும் எங்கும் எழுதவில்லை. எழுத மறந்திருக்கலாம்.

அவருக்கு ஒரே ஒரு எதிரி. பெயர் 'வெத்துவேட்டு'. படம் கிடையாது, சாம்பல் நிறத்தில் ஒரு தலை. எந்தச் செய்திக்கும் அவன் சொல்வது ஒன்றுதான்: எவன் வந்தாலும் இதேதான். தேர்தல் அறிக்கைக்கும் அதே பதில், மழை அறிவிப்புக்கும் அதே பதில். கொஞ்சம் உற்சாகமாக இருக்கும் நாளில் கூடுதலாக இரண்டு வரி வரும். "கம்பெனிக்கு நிலத்தை வாங்கும்போது வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். பொய் சொல்லவில்லை, கொடுத்தார்கள். பதினோரு மாதக் கான்ட்ராக்ட்."

பதினான்கு மாதம் இந்தச் சண்டை நடந்தது. வனமாமலை எழுதுவார், எட்டு மணி நேரம் கழித்து அவன் எழுதுவான். அவர் ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்து போனை எடுக்கும்போது பதில் காத்துக்கொண்டிருக்கும். அந்த நாலு வரி வசையை அவர் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊரிலிருந்து வந்த கடிதம் போல இரண்டு தடவை படிப்பார். மெஸ்ஸில் "ரெண்டு சப்பாத்தி" என்பதும், லைனில் "ஓகே" என்பதும் தவிர அவருக்கு வாயைத் திறக்க வேறு அவசியம் இல்லை. பெண் பார்த்த மூன்று இடத்திலும் "மாப்பிள்ளை பெர்மனென்டா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. வெத்துவேட்டு ஒருவன்தான் தினமும் கேட்டான்: "நீ யார்டா எனக்குப் புத்தி சொல்ல?" கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் லைனில் கேமரா வைத்தார்கள். விரிசலை இனி அது பார்க்கும். புள்ளி வைக்கும் வேலையை மட்டும் மனிதரிடமே விட்டுவைத்தார்கள். இயந்திரத்துக்கு மனசாட்சி உண்டா என்று வனமாமலை ஒன்றரைப் பக்கம் எழுதினார். வெத்துவேட்டு சுருக்கமாகப் பதில் போட்டான்: "பார்ப்பது கேமரா, புள்ளி வைப்பது ஆள். தப்பு வந்தால் கேமராவுக்கா மெமோ கொடுக்க முடியும்? மெமோ வாங்குவதற்கு ஒருத்தன் வேண்டும், அதற்குத்தான் நம்மை வைத்திருக்கிறார்கள்." வனமாமலை தனியாக இருந்த அறையில் சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு, "சோம்பேறியின் சாக்கு" என்று பதில் எழுதினார்.

அந்தச் சனிக்கிழமைதான் வினை வந்தது. ஏதோ ஒரு செய்திக்குக் கீழே வெத்துவேட்டு வழக்கம்போல் ஒன்றும் மாறாது என்றிருந்தான். வனமாமலைக்கு அன்று கை நன்றாக ஓடியது. "முதலில் அந்த போனைத் தூக்கிப் போடு. பக்கத்தில் இருக்கும் மனிதனின் முகத்தைப் பார். அதுகூட முடியாதென்றால் நீ இருந்து பூமிக்கு என்ன லாபம்?"

கடைசி வரியை அவர் அழகுக்காகத்தான் சேர்த்தார். நாற்பத்தாறு பேருக்குப் பிடித்திருந்தது.

பதில் வந்தது. "நீங்கள் சொல்வது சரி."

இணையம் தோன்றிய நாளிலிருந்து ஒருவன் இப்படி எழுதியதாக வனமாமலை கேள்விப்பட்டதில்லை. ஏதோ கிண்டல் என்று நினைத்து அவன் பெயரைத் தொட்டார். கணக்கே இல்லை. மறுநாளும் இல்லை. நாற்பத்தாறு விருப்பத்தோடு தன் கடைசி வரி மட்டும் அங்கேயே இருந்ததைக் கண்டார். அதை அழித்தார். அழித்த பிறகும் அது ஞாபகத்தில் இருந்தது. யாரோ ஒருவனை, பெயர்கூடத் தெரியாத ஒருவனை, எதற்கோ தள்ளிவிட்டோமா? அந்த வரியில் பச்சைப் புள்ளி வைத்தது யார்?

அவன் எழுதியதையெல்லாம் ஞாபகத்தில் தேடினார். கேமரா பற்றிய பதில் ஞாபகம் வந்தபோது மனம் அங்கேயே நின்றது. பார்ப்பது கேமரா, புள்ளி வைப்பது ஆள் என்ற கூத்து இந்த வட்டாரத்தில் அவருடைய லைனில் மட்டும்தான் நடக்கிறது. அந்த இடத்தில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒரு ஷிப்டில் பச்சை, அடுத்த ஷிப்டில் சிவப்பு. பதில் எட்டு மணி நேரம் தள்ளி வந்த காரணமும் அப்போது விளங்கியது. ஷிப்ட் மாறும் ஐந்து நிமிடத்தில் வனமாமலை ரெஜிஸ்டரை நீட்டி, கையெழுத்து வாங்கி, ஸ்டூலை விட்டுக் கொடுப்பாரே, அந்தப் பையன்.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிவில் ஸ்டூலுக்கு வந்தது அவனில்லை. மாற்று ஆள். செவ்வாயும் மாற்று ஆள். புதனன்று வனமாமலை லைன் லீடர் ஜாஸ்மினிடம் போய் நின்றார்.

"ஏம்மா, செவப்புப் புள்ளிக்காரன மூணு நாளா காணலியே?"

"யாரு, பரிதியா?"

"பரிதியா அவன் பேரு?"

ஜாஸ்மின் டேபிளிலிருந்து தலையைத் தூக்கினாள். "இன்னாண்ணா ஜோக்கா? ஒரு வருசமா டெய்லி அவன்கிட்ட கையெழுத்து வாங்கிக்கினு கீற. பேரு தெரியாதா உனக்கு?"

"கையெழுத்துதான் தெரியும். அது ஒரு கோடு மாதிரில்லா இருக்கு."

"இளம்பரிதி. உங்க மண்ணூருதான், ஏரிக்கரைத் தெரு. லீவு சொல்லிட்டுப் போனான். போன் போட்டா சுவிட்ச் ஆஃப்."

"எதுக்கு லீவு?"

"சொல்லலண்ணா. சனிக்கிழம ஒரு மாதிரி டல்லா இருந்தான். இன்னா, எதுனா பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா கேட்டேன்."

ஏரிக்கரைத் தெரு அவர் அறையிலிருந்து இரண்டாவது தெரு. அங்கே போக அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வரை ஆயிற்று. நேரமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து வந்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கும் அளவுக்கு நேரமில்லாமல் இருந்தது.

ஞாயிறு காலை தெருமுனை திரும்பியதும் கால் நின்றுவிட்டது. ஒரு வீட்டு வாசலில் ஷாமியானா. ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். பந்தல் காலில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனரில், ஆள் உயரத்துக்கு, சிவப்புப் புள்ளிக்காரனின் முகம்.

இந்தப் பக்கத்து ஃபிளெக்ஸ் கடைக்காரர்கள் சாவுக்கும் கல்யாணத்துக்கும் பெரிய வித்தியாசம் வைப்பதில்லை. அதே மேகம், அதே ரோஜா, ஓரத்தில் பறக்கும் அதே இரண்டு புறா. கீழே இருக்கும் எழுத்துதான் பிரித்துச் சொல்ல வேண்டும். அங்கிருந்து எழுத்து தெரியவில்லை. வனமாமலை மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். இருபது அடி நடந்தால் படித்துவிடலாம். அந்த இருபது அடிக்கு அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. ஒரு தடவை திரும்பிப் போகவும் பார்த்தார்.

'காதணி விழா' என்று இருந்தது. கீழே, கூலிங் கிளாஸ் போட்ட முகத்துக்கு நேராக: 'தாய்மாமன் இளம்பரிதி'.

பந்தலுக்குள் மூன்று பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் லுங்கியோடு எழுந்து வந்தான்.

"அட, பச்சைண்ணா! இன்னாண்ணா இந்தப் பக்கம்? வா வா, உக்காரு. வேத்து ஊத்துதே உனக்கு, உடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல தம்பி. வெயிலு. நீ நல்லா இருக்கியாப்பா?"

"எனக்கு இன்னாண்ணா, சூப்பரா கீறேன். அக்கா பொண்ணுக்குக் காது குத்து, நேத்துதான் முடிஞ்சிது."

"போன் போட்டா எடுக்கலன்னாங்க. சனிக்கிழம டல்லா இருந்தியாம்."

"போனா? வித்துட்டேன்ண்ணா, நம்பரும் மாத்திட்டேன்." இளம்பரிதி லுங்கி மடிப்பிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக் காட்டினான். "நெட்ல ஒருத்தன்கிட்ட டெய்லி சண்ட போட்டுகினு இருந்தேன். செம டார்ச்சர் புடிச்ச ஆளு. போன வாரம், போனைத் தூக்கிப் போடு, பக்கத்துல கீறவன் மூஞ்சியைப் பாருன்னு எழுதினான். செம கடுப்பு. அப்பால பாத்தா, எங்கக்கா ரெண்டு மாசமா பந்தலுக்குச் சொல்லுடா, மைக் செட்டுக்குச் சொல்லுடான்னு கத்திகினு கீது. நான் காதுலயே வாங்கல. யோசிச்சேன். அந்த லூசு கரெக்டாத்தான் சொல்லிகீறான்."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். நிம்மதியா கீதுண்ணா."

வனமாமலைக்கு அழுகை வரும்போல் இருந்தது. பேனரைப் பார்த்து மூன்று மூச்சு விட்டார். சொல்லிவிட வேண்டியதுதான். நான்தாம்பா அது, மெழுகுவத்தி. சொன்னால் இரண்டு பேரும் சிரிக்கலாம். நேருக்கு நேர் சண்டையைத் தொடரலாம். ஒரு வருடப் பாக்கி நிறைய இருக்கிறது. வாயைத் திறந்தார்.

"ஆனா பாவம்ண்ணா அவன்," என்றான் இளம்பரிதி. "எந்நேரமும் அங்கதான் கெடப்பான். பொங்கலன்னிக்கி நாலு பேரு கூட இருப்பானே மனுசன்? அன்னிக்கும் எனக்கு ஏழு கமென்ட். பேச்சுத் தொணைக்குக்கூட நாதி இல்லாதவன் போல."

திறந்த வாயை வனமாமலை மூடிக்கொண்டார்.

"ண்ணா, ஒரு கை கொறையுது, உக்காரேன். கேரம் தெரியும்ல?"

"தெரியும் தம்பி. ஆனா ஷிப்ட் இருக்கு."

"ஞாயித்துக்கெழம ஏதுண்ணா ஷிப்ட்?"

"ஓ.டி."

"நம்ம லைன்லயா?"

"பக்கத்து லைன்ல."

சொல்லியாயிற்று. அறைக்குத் திரும்பிப் போவது பந்தலிலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். ஆகவே வனமாமலை தெருவைத் தாண்டி, கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் நிற்கும் விதத்தில் நின்றார். வெயில் ஏறியது. பந்தலுக்குள் காய் விழும் சத்தமும், யாரோ யாரையோ ஏமாற்றிவிட்டதாகக் கூச்சலும் கேட்டன. அரை மணி நேரம் கழித்து இளம்பரிதி வாசலுக்கு வந்து, கையைக் குவித்துக் கத்தினான்.

"ண்ணா! இன்னிக்கு பஸ் வராதுண்ணா! வந்துடு!"

வனமாமலை கேட்காதவர்போல் சாலையின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, வந்துவிடும் என்பதுபோல் அசைத்தார்.