பன்னிரண்டாவது மெழுகுதிரி

முதலில் டாக்டர் ஆக்னஸ். கண்ணாடியில் தண்ணீரை விசிறி, மஞ்சள் துணியால் வட்டமாகத் துடைத்தபடி, "என்ன ஆக்னஸ், குதிரைக்குத் தீன் போட்டாச்சோ?" என்று விசாரிப்பார் செலீன். அடுத்தது லவீனியா. மாரிக்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் நடந்துபோய்ப் பள்ளிக்கூடம் நடத்தியவர். அவரிடம் கால் விறைப்பைப் பற்றிக் கேட்பார். நாற்பத்தொரு வருடம் தபாற்கந்தோரை ஆண்ட ஹெஸ்டரிடம் மட்டும் கொஞ்சம் பயம். "எனக்குக் கடிதம் ஒண்டும் இல்லைத்தானே" என்று கேட்டுவிட்டு மெல்ல நகர்ந்துவிடுவார்.

ஒஷாவாவில் பழைய செங்கல் வீடு ஒன்றை அந்த மாவட்டத்தின் சரித்திரத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அதன் மாடிச் சுவரில் சட்டம் போட்ட பன்னிரண்டு படங்கள். எல்லாரும் அந்த மாவட்டத்தில் பெயர்பெற்ற பெண்கள். மன்னாரில் பிறந்து ஸ்காபரோவின் மல்வேர்னில் வாழும் செலீன் பதினொரு வருடமாக இந்த வீட்டைத் துப்புரவு செய்கிறார். பார்க்க வருகிறவர்கள் பன்னிரண்டு பேரையும் ஒரே வீச்சில் பார்த்துவிட்டுக் கீழே தேநீருக்குப் போய்விடுவார்கள். வாரத்தில் மூன்று நாள் அவர்களை முகத்துக்கு முகம் பார்த்துச் சுகம் விசாரிப்பவர் உலகத்திலேயே செலீன் ஒருவராகத்தான் இருக்கும்.

பன்னிரண்டாவது படத்துக்கு வந்ததும் அவருடைய பேச்சு நின்றுவிடும். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்ட ஒரு பெண், கதிரையின் முதுகைப் பிடித்தபடி நிற்கிறாள். படம் பிடித்த நேரம் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். முகம் திரும்பிப் பாதி கலைந்திருக்கிறது. கீழே 'மிஸிஸ் எலாயஸ் குரொஃப்ட், மருத்துவிச்சி' என்று எழுதியிருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் அறுநூறு பிள்ளைகளுக்கு மேல் இந்தப் பூமியில் இறக்கிவைத்த மனுஷிக்குச் சொந்தப் பெயர் இல்லை. கல்லறையில் 'எலாயஸ் குரொஃப்டும் மனைவியும்' என்றுதான் வெட்டியிருக்கிறார்கள். குடிசனக் கணக்குத் தாளில் அவளுடைய வரியில் தண்ணீர் பட்டு, 'ரி' (T) என்ற ஆங்கில முதலெழுத்து மட்டும் தப்பியிருக்கிறது.

"பேர் தெரியாத மனிசியோட என்னெண்டு கதைக்கிறது?" என்பார் செலீன். அந்த வருத்தம் அவருக்கு உண்மையாகவே உண்டு. வைத்தியரின் அறை வாசலில் 'மிஸிஸ் ஜூலியஸ்' என்று கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது, யாரப்பா அந்தப் பாக்கியசாலி என்று இவரும் நாலு பக்கமும் திரும்பிப் பார்ப்பார். மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் எழும்புவார்.

விடியற்காலைப் பேருந்தில் செலீன் தூங்குவதில்லை, விழித்திருப்பதும் இல்லை. ஏரிப் பக்கத்துப் பனிப்புகார் கண்ணாடியில் வந்து ஒட்டும். ஏதோ ஒரு தரிப்பில் ஆக்னஸ் ஏறுவார். நனைந்த பாவாடையை உதறிக்கொண்டு லவீனியா ஏறுவார். ஹெஸ்டர் கடிதப் பையை மடியில் வைத்துக்கொள்வார். செலீன் தன் கைப்பையைத் தூக்கி இடம் விடுவார். மருத்துவிச்சி மட்டும் முன் இருக்கையில், எல்லாருக்கும் முதுகு காட்டி இருப்பாள். கூப்பிட்டால் திரும்புவாள் என்று செலீனுக்குத் தெரியும். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அதற்குள் இறங்குமிடம் வந்துவிடும்.

நவம்பரில் தமிழ்ப் பூசையில் மரித்தோரை நினைக்கும் நாளில் ஆளாளுக்குத் தங்கள் வீட்டு இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். பெயர் வாசிக்கும்போது ஒருவர் போய்ப் பீடத்தின் முன்னாலுள்ள மணல் தட்டில் மெழுகுதிரி ஏற்ற வேண்டும். நாலு வருடமாகச் செலீனின் தாளில் அவருடைய தாய் தகப்பனுக்குக் கீழே ஆக்னஸ், லவீனியா, ஹெஸ்டர் என்று பதினொரு பெயர்கள் வருகின்றன. முதல் வருடம் ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவர்கள் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார். கூட வேலை செய்கிற ஆட்கள் என்று சொல்லிவிட்டு வந்தார் செலீன். ஜூலியஸுக்குத்தான் வெட்கம். அவர்கள் எங்கட சபையே இல்லை, ஒருத்தியாவது பூசை கண்டிருக்க மாட்டாள் என்று காரில் வரும்போதெல்லாம் முணுமுணுப்பார்.

"ஆரும் இல்லாத ஆத்துமாவுக்கு ஆரும் கொளுத்தலாம்" என்பதுதான் செலீனின் பதில்.

அந்தப் பெண்களுக்கென்று முதல் வருடம் வாங்கிய பெட்டியில் பன்னிரண்டு மெழுகுதிரிகள் இருந்தன. ஞானஸ்நானப் பெயர் இல்லாமல் ஆத்துமாவைக் கூப்பிட முடியாதே. பன்னிரண்டாவது திரி ஏற்றப்படாமல் கைப்பையோடு வீடு திரும்பியது. நாலு கோடையும் அந்தப் பைக்குள்ளேயே கிடந்து, வில்லாக வளைந்துவிட்டது. எறியச் சொன்னால் கேட்கமாட்டார்.

இந்த ஒக்டோபரில் அந்தச் சரித்திர வீட்டின் பொறுப்பாளர் நிலக்சி மாடிக்கு ஏறி வந்தார். ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை. நல்ல பிள்ளை, மனதில் பட்டதை மறைக்கத் தெரியாது. சுவருக்கு நிறம் அடித்து எல்லாவற்றையும் புதிதாக வைக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தயங்கி நின்றார்.

"அன்ரி, பதினொண்டுதான் சுவருக்குப் போகும். சொந்த நேம் இல்லாட்டிப் போட ஏலாதெண்டு கொமிட்டி சொல்லிப்போட்டினம். இந்த மன்த் முடிய முதல் நேம் கிடைச்சா ஓகே."

"அப்ப உந்த மனிசியை எங்க வைக்கப் போறியள்?"

"பேஸ்மென்ற்ல, பெட்டிக்குள்ள."

செலீன் அன்று பன்னிரண்டாவது கண்ணாடியை மூன்று தரம் துடைத்தார். அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. அறுநூறு பேரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவளை நிலவறையில் பூட்டுவதா என்று வீடு வந்தும் ஆறவில்லை. அன்றிரவு ஜூலியஸின் முணுமுணுப்புக்குக்கூட இடம் கிடைக்கவில்லை.

பெயர் வந்தது ஒரு மதியச் சாப்பாட்டில். செலீன் கொண்டுவந்த இடியப்பத்தையும் சொதியையும் இருவரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஆளைத் தேற்றுவதற்காக நிலக்சி அதையும் இதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, செலீன் என்ற பெயர் எப்படி வந்தது என்று சும்மா ஒரு கேள்வி போட்டார்.

"என்னைப் பெறுவிச்ச மருத்துவிச்சின்ர பேர். கால் முன்னுக்கு வந்த பிள்ளையாம் நான். அம்மா பிழைச்சதே பெரிய காரியம், அந்த மனிசின்ர பேரையே வைச்சிட்டா. எங்கட தெருவில மட்டும் நாங்கள் நாலு செலீன்..."

வாய்க்குப் போன இடியப்பம் பாதியில் நின்றது. நிலக்சியும் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, உந்த மிஸிஸ் குரொஃப்ட் இருந்த ஊரின்ர ஞானஸ்நானக் கொப்பி உங்களிட்ட இருக்கோ?"

இருந்தது. பழைய தேவாலயப் பதிவுகள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியிருந்தார்கள். எலாயஸ் குரொஃப்ட் குடும்பம் அந்தக் கிராமத்துக்கு வருமுன் இருந்த பெண்பிள்ளைகள் எல்லாரும் மேரி, ஆன், எலிசபெத். வந்த இரண்டாம் வருடம் ஒரு தேர்சா. அடுத்த வருடம் இரண்டு. நிலக்சி எழுத்துகளை மேலே தள்ளத் தள்ளத் தேர்சாக்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில், முந்நூறு பேர்கூட இல்லாத ஊரில், பதினேழு தேர்சா. ஆங்கிலத்தில் அந்தப் பெயரும் குடிசனக் கணக்கில் தப்பிய 'ரி'யில்தான் தொடங்கும். நிலக்சி கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்று, "ஓ மை கோட், அன்ரி" என்றார். செலீன் கைகழுவக்கூட இல்லை. அப்படியே மாடிக்கு ஓடினார்.

கொமிட்டி இரண்டு நாள் யோசித்தது. 'தேர்சா என்று நம்பப்படுகிறது' என்று போடலாம் என்று சம்மதித்தது. அந்த நம்பிக்கை எல்லாம் அவர்களுக்குத்தான். செலீன் அதற்கு முன்பே அவளோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். பதினொரு வருடக் கதை பாக்கி கிடந்ததால், அந்த வாரம் கீழ்மாடி தூசியோடுதான் இருந்தது.

நவம்பர் பூசைக்குக் கோவில் நிறைந்திருந்தது. வெளியே முதற்பனி தூவிக்கொண்டிருந்தது. பெயர்களை வாசித்தவர் ஹெஸ்டரைத் தாண்டி, மற்றவர்களையும் தாண்டி, பழக்கமில்லாத ஒரு பெயரில் சற்றுத் தடுமாறி, "தேர்சா" என்றார். யார் வீட்டு ஆள் என்று முன்வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜூலியஸ் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார். செலீன் கைப்பையைத் திறந்துகொண்டே நடந்து, மணல் தட்டின் முன்னால் நின்று, வளைந்த மெழுகுதிரியை ஆழமாக ஊன்றினார். தட்டையாய்ப் படுத்துக்கிடந்த திரியை நகத்தால் நிமிர்த்திப் பற்றவைத்து, சுடர் நிமிரும்வரை இரண்டு உள்ளங்கையையும் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.