ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கு அச்சு வெல்லம்

கூரை வேலை எடுக்கும் கான்ட்ராக்டரை ஊர் நினைப்பது மழைக்காலத்தில் மட்டும்தான், அதுவும் திட்டுவதற்கு. கட்டட வேலை எடுத்துத் தூக்கம் தொலைத்த அன்பர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபதுகளில் திருப்பூரில் ஓடு போட்டிருந்த பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு மாறின. ஒழுகினால் என் பொறுப்பு என்று ஒவ்வொரு முதலாளிக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஏணியைச் சாத்துவேன். அந்தச் சொல்லில் நான் தவறியதில்லை. தவறியது வேறு இடத்தில்.

வேலை முடிந்ததும்

மண்ணரையில் என் முதல் ஷெட். ஷீட்டை அளந்து ரம்பத்தால் அறுப்பவர் ரங்கசாமி, பொங்கலூர்க்காரர். என் வயதுதான், அப்போது இருவருமே இளவட்டம். அவர் அறுத்தால் விளிம்பு நூல் பிடித்தாற்போல் இருக்கும். அறுத்துவிட்டு எழுந்தால் புருவம், மீசை, சட்டை எல்லாம் வெளுத்திருக்கும். மற்ற ஆட்கள் அவரைக் கிழவர் என்று கேலி செய்வார்கள்.

பஞ்சில் கொட்டை நீக்கும் ஜின்னிங் பேக்டரிகளில் சாயங்காலம் ஆளுக்கொரு வெல்லம் தருவது எங்கள் பக்கத்து வழக்கம். தொண்டையில் ஒட்டிய பஞ்சை வெல்லம் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. தூசி எல்லாம் தூசிதானே என்று நானும் ஆளுக்கோர் அச்சு வெல்லம் கொடுக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்காமலே கொடுத்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ரங்கசாமி அதை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு சொன்னார்: "ஏனுங்க, இப்பிடி வெல்லம் குடுக்கற காண்ட்ராக்டரு வேற எங்கீங்க இருக்காங்க? நா உங்ககூடவே இருந்துக்கறனுங்க."

தார்ப்பாய்

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு சலவைப் பட்டறையில் நீராவிக் குழாய்களுக்குச் சூடு தாங்கும் பூச்சு பூசும் வேலை. ஆஸ்பெஸ்டாஸ் தூளைக் கொட்டி, தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவுபோலக் கையால் பிசைய வேண்டும். ரங்கசாமி முதல் மூட்டையைப் பிரித்துக் கொட்டியதும் எதிரில் நின்ற ஆள் தெரியவில்லை. முதலாளி பதறிக்கொண்டு ஓடி வந்தார். உள்ளே வெளுத்த துணி காய்ந்துகொண்டிருந்தது.

நானே தார்ப்பாய் கொண்டுவந்து துணியை ஓரம் விடாமல் மூடினேன். ஆட்கள் இருமுகிறார்கள், கதவையாவது திறந்து வைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். காற்று அடித்தால் தார்ப்பாய் தூக்கும் என்றார். அதுவும் சரிதான் என்று தலையாட்டிவிட்டேன். அவர் சமாதானமாகச் சொன்னார்: "ஆளு மேல பட்டாக் குளிச்சாப் போயிருமுங்க. துணி மேல பட்டாப் போகாதுங்க."

கோடு

ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து மிஷின் பொருத்த வந்த இன்ஜினியர் எங்கள் வேலையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். ஷீட்டை நனைத்து அறுக்க வேண்டும், மூக்கில் ஈரத்துணி கட்ட வேண்டும், இந்தத் தூசி நல்லதில்லை என்றார். மறுநாளே இரண்டு குடம் தண்ணீர் வைத்தேன். நனைத்தால் ஷீட்டில் போட்ட சாக்பீஸ் கோடு அழிந்தது. கோடு அழிந்தால் அளவு தப்பும், அளவு தப்பினால் கூரை ஒழுகும். மூன்றாம் நாள் குடத்துத் தண்ணீர் சிமெண்ட் குழைக்கப் போயிற்று.

ஆணியால் கீறிக் கோடு போட்டிருக்கலாம். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றும்வரை நான் யோசிக்கவும் இல்லை. மூக்கில் கட்டிய துணியை ரங்கசாமியும் அவிழ்த்துவிட்டார். "இதக் கட்டீட்டு பீடி எப்பிடீங்க குடிக்கறது? நமக்குத்தான் வெல்லம் இருக்குதுல்லங்க."

டாக்டர்

எழுபதுகளில் ரங்கசாமியால் ஏணியில் நாலு படி ஏற முடியவில்லை. காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். முழுதும் சாப்பிட்டும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. நான்தான் வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். என்ன தூசியில் வேலை என்று கேட்டார்.

"பஞ்சுங்க" என்றார் ரங்கசாமி. வாழ்நாளில் பஞ்சு மூட்டையைத் தொடாத மனிதர். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்று நான் சொன்னேன். அதன் பிறகும் ரங்கசாமி விடாமல், எங்க காண்ட்ராக்டரு தினமும் வெல்லம் குடுத்தாருங்க என்று எனக்காகச் சாட்சி சொன்னார். டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "வெல்லம் வயித்துக்குப் போகுமுங்க. தூசி போன வழி வேற."

சட்டை

அடுத்த பங்குனியில் ரங்கசாமி போய்விட்டார். காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பொங்கலூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பழனியம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்து பேசச் சொன்னேன். பேச ஆரம்பித்ததும் இருமல் வந்தது. அந்த இருமலை நான் ஏணியடியில் பல வருஷம் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் ஷீட் பக்கமே வந்ததில்லையே என்று கேட்டுவிட்டேன். தினமும் சாயங்காலம் தூசியில் வெளுத்த அந்தச் சட்டையை வாசலில் உதறித் துவைத்தது யார் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. என் வெல்லத்தைப் பற்றியும் அவரேதான் சொன்னார்: "அவரு ஒரு நாளும் அதத் திங்கலீங்க. சட்டைய ஒதறுறவ நீதான, உனக்குத்தான் வேணும்னு துண்டுல முடிஞ்சு ஊட்டுக்குக் கொண்டாந்துருவாருங்க. அத்தனையும் நாந்தானுங்க தின்னேன்."

ஒழுகாது என்று ஊரிலுள்ள கூரைக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நான், அந்த ஷீட்டை அறுத்தவருக்கும் அவர் சட்டையை உதறியவருக்கும் சேர்த்துக் கொடுத்த உத்தரவாதம் நாளுக்கோர் அச்சு வெல்லம்.