கடைசியாக வருபவரே ஜெயிக்கும் போட்டி

ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் எனக்கு வந்த கேள்வி இதுதான்: நீங்கள் கலந்துகொண்ட ஒரு போட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம். எதிரே ஓர் அம்மாள், மேசைமேல் குரலைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டி. நான் நன்றாகவே பேசினேன். அப்படிப் பேசித் தொலைத்ததைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நானும் என் தோழி ஒருத்தியும் நர்சிங் ஒன்றாகப் படித்தோம். எனக்கு வீடு திண்டிவனத்தில், அவளுக்கு ஒலக்கூர் பக்கத்தில் ஒரு கிராமம். படித்து முடித்ததும் திண்டிவனத்தில் ஒரே கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தோம். அடுத்தது வெளிநாடு, அதுவும் இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரிக்கு, ஒரே அறையில் தங்குவது என்று முடிவு செய்திருந்தோம். அங்கே கேப்பை மாவு கிடைக்குமா, களி கிண்டினால் பக்கத்து அறைக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுவரை பேசிச் சண்டையும் போட்டாயிற்று. குறுக்கே நின்றது அந்த ஆங்கிலத் தேர்வு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாசஞ்சர் ரயில் ஏறி விழுப்புரத்துக்குப் பயிற்சி வகுப்புக்குப் போவோம். அங்கே சார் ஒரு முறை வைத்திருந்தார். எல்லோரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுவார். உன் பதில் உன் ஜோடிக்கு மனப்பாடம், அவள் பதில் உனக்கு மனப்பாடம். ஒருத்தி எங்கே தடுமாறினாலும் அடுத்தவள் எடுத்துக்கொடுக்க வேண்டும். "நீங்க சொல்றது நெஜமான்னு யாரும் செக் பண்ணப் போறதில்ல. தங்குதடையில்லாம வருதா, அவ்ளோதான் பாப்பாங்க" என்பார்.

போட்டி என்ற தலைப்புக்கு நான் வைத்திருந்தது பச்சைப் பொய். மாவட்டக் கட்டுரைப் போட்டியில் நான் முதல் பரிசு வாங்கினேனாம். வாழ்க்கையில் ஒரு சோப்பு டப்பாகூட நான் பரிசாக வாங்கியதில்லை. அவளிடம் இருந்தது நிஜம்.

அவள் ஏழாவது படித்தபோது ஊரில் பொங்கலுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைத்தார்கள். காலைத் தரையில் ஊன்றக் கூடாது, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டக் கூடாது, எல்லாரையும் விட மெதுவாக, கடைசியாகப் போய்ச் சேர்பவர்தான் ஜெயித்தவர். பையன்களுக்கு நடுவில் இவள் ஒருத்தி. அவள் அப்பா மல்லாட்டைக் காட்டில், அதாவது வேர்க்கடலைக் கொல்லையில், கூலி வேலை செய்பவர். தன் சைக்கிள் சீட்டை இறக்கிக் கொடுத்துவிட்டு, எல்லைக்கோட்டில் போய் நின்றுகொண்டார். "அவசரப்படாத கண்ணு. நீ எம்மாம் நேரங்கழிச்சு வந்தாலும் நா இங்கியேதான் நிப்பேன்" என்று கத்திக்கொண்டே இருந்தாராம். அவள் ஜெயித்தாள். பரிசு, பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம். இரண்டு வருடம் கழித்து அதே மல்லாட்டைக் காட்டில் நெஞ்சு வலி வந்து அவர் இறந்துபோனார்.

இதை அவள் முதலில் தமிழில் சொன்னாள். பேரணி ஸ்டேஷனில் ரயில் நின்றிருந்தது. நான் அழுதுவிட்டேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்பாவின் சாவு வேண்டாம், அங்கே போய் அழுதுவிடுவேன் என்றாள். சரி என்று அதை விட்டுவிட்டு, 'என் அப்பா என்னைக் கடைசியாக வரச் சொன்ன ஒரே போட்டி அது' என்று முடித்தேன். எழுதும்போதே வயிறு எரிந்தது. இவ்வளவு நல்ல கதை இவளுக்குப் போய் வாய்த்திருக்கிறதே என்று. அப்பா இல்லாத பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ரயில் விக்கிரவாண்டியில் கிளம்பி முண்டியம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் அவள் ஒருமுறை ஒப்பிப்பாள், நான் திருத்துவேன். இப்படி எத்தனை ஞாயிறு! அவளைவிட எனக்கு அது நன்றாக மனப்பாடமாகிவிட்டது.

தேர்வு பாண்டிச்சேரியில். அன்று ஒரே அறை, ஒரே அம்மாள். முதலில் நான், எனக்கு அடுத்தது அவள். கேள்வியைப் பார்த்ததும் என் கட்டுரைப் போட்டி சுத்தமாக மறந்துபோயிற்று. தலைப்பு என்ன, யார் பரிசு கொடுத்தது, ஒன்றுமே வரவில்லை. வாயைத் திறந்தேன். சைக்கிள் வந்தது.

முதல் வாக்கியத்திலேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அப்பா இப்போதும் அதே சைக்கிளைத்தான் ஓட்டுகிறார் என்று கைச்சரக்கும் சேர்த்தேன். என் அப்பாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. நீங்கள் போட்டி மனப்பான்மை உள்ளவரா என்று அடுத்துக் கேட்டார். இல்லை, நானும் என் தோழியும் ஒருவருக்கொருவர் உதவித்தான் படித்தோம் என்றேன். கூசாமல் சொன்னேன்.

எல்லாம் முடிந்து வரும்போது பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு போட்டி பத்திதான் வந்துச்சுடி. குஷியாயிட்டேன். சைக்கிள் ரேஸுன்னு ஆரம்பிச்சேன், அந்தம்மா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்கப்பான்னதும் என்னையே உத்துப் பாத்துக்கினு இருந்தாங்க. இன்னா தப்பா சொல்லிட்டேன்னே தெரியலடி. அப்டியே நாக்கு ஒட்டிக்கிச்சு. பாதில நின்னுட்டேன்."

"பேஜாரா இருந்திருப்பாங்க, வுடு" என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு வந்தது. எழுத்து, வாசிப்பு, கேட்டல் மூன்றிலும் அவள் என்னைவிட மேல். பேச்சில் மட்டும் வேண்டியதற்கு அரைப் புள்ளி குறைவு. அந்த அரைப் புள்ளியால் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் ஏறவில்லை. என் பெயர் ஏறியது. பேச்சில்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம்.

பத்து நாள் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. வேலை முடிந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவள் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். சொல்லிவிட்டேன். கத்துவாள், அடிப்பாள், குறைந்தபட்சம் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பழவண்டிக்காரன் சாத்துக்குடி அடுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடி எழுதுடி. ரெண்டு பேரும் சேந்து வேற எதுனா ரெடி பண்ணலாம்" என்றேன்.

"எங்கிட்ட வேற இன்னாடி இருக்குது?"

சாத்துக்குடியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்கப்பா செத்துட்டாருன்னு சொன்னியா?"

"இல்லடி."

"பின்ன?"

"உசுரோட இருக்காருன்னுதான் சொன்னேன். இப்பவும் அந்த சைக்கிள்லதான் வேலைக்குப் போய்க்கினு இருக்காருன்னு."

அப்போதுதான் அழுதாள். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க, துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். நான் தோளில் வைத்த கையைத் தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"அங்கியாவது உசுரோட இருக்கட்டும்" என்றாள்.

ஒலக்கூர் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழக்கமாகக் கையசைப்பவள் அன்று அசைக்கவில்லை.

அவள் மறுபடி தேர்வு எழுதவில்லை. கிளினிக்கையும் விட்டுவிட்டாள். எனக்கு அடுத்த மாதம் விமானம். போன் செய்தால் எடுக்கிறாள். அம்மா எப்படி இருக்காங்க, பெட்டி கட்டியாச்சா என்று மரியாதையாக விசாரிக்கிறாள். நேற்றும் செய்தேன். எடுத்ததும், "சொல்லுங்க" என்றாள்.