கல்லறைத் திருநாளில் வாசிக்கப்பட்ட ஒரு பெயர்

எங்கள் பங்குக் கோயிலின் உபதேசியார் அருளப்பன் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. ஆனால் 'கிட்டங்கி' தொடரைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. என் வீட்டில் பெட்டி இருந்தது. அந்தத் தொடரைப் பார்ப்பதில்லை என்ற கொள்கையும் இருந்தது. கொள்கையை நாலு பேரிடம் விளக்குவதென்றால் காரணங்கள் வேண்டுமே என்று சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஏழரைக்கு உட்கார்ந்து பார்த்தேன். இப்படியே மூன்று வருடம் ஓடியது.

கதை 1934-இல் நடப்பது. புகையிலை மூட்டைகளை அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கி, அதை வைத்திருக்கும் குடும்பம், அந்தக் குடும்பத்துக்காகக் கூலிகளை அடித்து வேலை வாங்கும் சவரிமுத்து கங்காணி. சேறு, ரத்தம், அரிக்கேன் விளக்கு. சிரிப்பு மருந்துக்கும் இல்லை. மற்ற நாட்களிலெல்லாம் மாமியார்களும் மருமகள்களும் பட்டுச்சேலையில் அழுதுகொண்டிருந்த காலத்தில், வாரத்துக்கு ஒரு நாள் இப்படி ஓர் இருட்டைக் காசு கொடுக்காமல் பார்க்கக் கிடைத்தது எங்கள் ஊருக்குப் பிடித்துப்போனது. 2004-இல், இப்போது ஓடும் மூன்றாம் பாகத்தோடு கதை முடிகிறது என்று அறிவித்தார்கள். திண்டுக்கல்லில் சிலருக்கு அது வீட்டு விஷயமாகிவிட்டது.

அருளப்பன் கன்னிவாடிப் பக்கத்துக்காரர். சாமியாராவதற்காகக் குருமடத்தில் சேர்ந்து, லத்தீன் ஏறவில்லை என்று திரும்பி வந்தவர். அவர் திரும்பி வந்த மறு வருடம் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது. அதில் தனக்கு வருத்தமே இல்லை என்று வருடத்துக்கு நாலு தடவையாவது சொல்வார். பிறகு கல்யாணம், பிறகு உபதேசியார் வேலை. ஞானஸ்நானப் பதிவேடு எழுதுவது, சாவு வீட்டில் செபம் சொல்வது, கோயில் மணி அடிப்பது என்று இருபத்திரண்டு வருடம். சம்பளத்தைப் பற்றி அவர் மனைவி ஆனந்தமேரியிடம் கேட்டால்தான் சரியாக இருக்கும், ஆனால் கேட்கக்கூடாது.

அவருடைய சொத்து குரல். பூசைக்கு முன்னால் மைக்கின் முன் நின்று, இன்றைய பூசை இன்னாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வாசிப்பார். அவர் வாசித்தால் எங்கள் ஊர்ச் செத்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் பெரிய மனிதர்களாகத் தெரிவார்கள். வருடத்தில் ஒரு நாள், நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, அந்தக் குரலுக்கு முழுநேர வேலை. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கோயில் வாசல் பெட்டியில் போடும். அதையெல்லாம் அவர் அகர வரிசையில் ஒரு நோட்டில் எழுதி, சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துப் பூசையில் வாசிப்பார். எண்ணூறு பெயராவது இருக்கும். ஜனம் மெழுகுவர்த்தியோடு நிற்கும். தன் வீட்டுப் பெயர் வரும்வரை யாரும் அசைய மாட்டார்கள். வந்ததும் ஒரு சிலுவை போட்டுவிட்டுக் கொசுவை அடிக்க ஆரம்பிப்பார்கள்.

'கிட்டங்கி'யைப் பற்றிய விவாதம் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து, எதிர் டீக்கடையில் நடக்கும். நிரந்தர உறுப்பினர்கள் நால்வர். ஒருவர் அருளப்பன். இன்னொருவர் சின்னாளப்பட்டிச் சேலைக்கடையில் விற்பனைக்கு நிற்கும் ரூபி. அருளப்பனும் ஆனந்தமேரியும் தொடர் பார்ப்பது அவர் வீட்டில்தான். மூன்றாமவர் செம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் ஈஸ்வரன். அவர் மகள் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்தாள். ஒன்பது மணிக்கு விடுதிக் கதவைத் திறக்கும்வரை அவருக்குப் போக்கிடம் இந்த டீக்கடை. நான்காவது நான், கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவன்.

ரூபிக்குக் கண்ணில் படுவதெல்லாம் துணி. "மூணு வருசமா அந்தக் குடும்பத்துல ஒருத்தரும் வேட்டி தொவைக்கலை சார். சேறு ஒட்டுன எடம் வாராவாரம் அதே எடத்துல இருக்கு. அதுல மட்டும் ரொம்பக் கரெக்டா இருக்காங்க" என்பார். ஈஸ்வரன் முதலாளியின் இளைய மகன் கட்சி. அவன் செய்த இரண்டு கொலைகளுக்கும் அவரிடம் நியாயம் இருந்தது. எனக்குக் கண்ணில் பட்டது காசு. 1934-இல் நடக்கும் ஒரு சீட்டாட்டக் காட்சியில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட காசை எடுத்து வைத்தார்கள். அவர் பட்டத்துக்கு வந்ததே 1936-இல். தொலைக்காட்சி நிலையத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வந்திருந்தால் பார்ப்பதை நிறுத்தியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டு தொடர்ந்து பார்த்தேன்.

அருளப்பனுக்கு உடையும் காசும் பொருட்டில்லை. அவர் கவலை கங்காணியின் ஆத்துமம். அந்தச் சவரிமுத்து, ஆளை அடிப்பதற்கு முன்னால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். அடித்து முடித்தும் போட்டுக்கொள்வான். இப்படிப்பட்டவனுக்கு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டு சாகும் நல்ல மரணம் வாய்க்குமா என்பதுதான் மூன்று பாகங்களிலும் அருளப்பனின் ஒரே கேள்வி. நாங்கள் அவரைக் கேலி செய்வோம். கேலி செய்துவிட்டு, வாய்க்குமா என்று நாங்களும் யோசிப்போம்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, பாலத்தின் மேல் வைத்துக் கங்காணியைச் சுட்டுவிட்டார்கள். அவன் வெள்ளத்தில் விழுந்தான். கடைசி வாரத்துக்கு முந்தின வாரம் அது. மறுநாள் டீக்கடையில் நாலு டீயும் ஆடை கட்டியது. ஈஸ்வரன்கூட இளைய மகனுக்காக வாயைத் திறக்கவில்லை, சுட்டது அவன்தான்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணாமப் போயிட்டானே, புரொபசர்" என்றார் அருளப்பன்.

அது ஒரு நடிகர் என்றும், சம்பளத்தை வாங்கிக்கொண்டு அந்நேரம் பிரியாணி சாப்பிட்டிருப்பார் என்றும் நான் எடுத்துச் சொன்னேன்.

"அது நடிச்சவரு. நான் சவரிமுத்தைச் சொல்றேன்."

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் வழக்கம்போலச் சீட்டு எழுதினேன். அப்பா, அம்மா, இரண்டு அத்தைமார். பிறகு இன்னொரு சீட்டை எடுத்து 'சவரிமுத்து கங்காணி' என்று எழுதினேன். கற்பனை எது நிஜம் எது என்று உபதேசியாருக்குத் தெரிகிறதா என்று பார்க்கும் பரிசோதனை இது என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். பரிசோதனை என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் செய்யலாம் என்பது படித்தவர்களுக்கு உள்ள சலுகை. சீட்டை நாலாக மடித்துப் பெட்டியில் போடும்போது பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பரிசோதனைக்கு அது தேவை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கல்லறைத் தோட்டத்தில் அருளப்பன் 'ச' வரிசைக்கு வந்தார். சந்தியாகு, சம்மனசு. ஒரு செருமல். பிறகு, "சவரிமுத்து கங்காணி."

இளைஞர்கள் பக்கம் சிரிப்பு வெடித்து அமுங்கியது. நான் எதிர்பார்த்தது அதை. எதிர்பாராதது மற்றவர்களை. என் முன்னால் நின்ற ஒரு வரிசைப் பெண்கள் அப்படியே தலை குனிந்து சிலுவை போட்டார்கள். ஒருவர் "பாவம்" என்றார். நானும் சிலுவை போட்டேன். அதையும் பரிசோதனைக் கணக்கில்தான் சேர்த்தேன்.

பங்குச் சாமியார் டோனி, ஜூனில் வந்தவர், முப்பத்தொரு வயது. தொலைக்காட்சி பார்க்காதவர். அந்தப் பெயருக்கு ஏன் சிரித்தார்கள் என்று அவருக்கு விளங்க மறுநாள் காலை ஆகிவிட்டது. விளங்கியதும் அருளப்பனைக் கூப்பிட்டு, இனி மைக்கில் வாசிப்பதை இளைஞர் குழு பார்த்துக்கொள்ளும், நீங்கள் மணியையும் பதிவேட்டையும் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். ரூபி எனக்கு போன் செய்து, உபதேசியார் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றார்.

உடனே சாமியாரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். புதன்கிழமை எனக்குத் தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருந்தது. வியாழக்கிழமை இல்லை, ஆனால் புதனன்று போகாதவன் வியாழனன்று போனால் நன்றாக இருக்காதே என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை போனேன்.

சாமியார் மேசைக்குப் பின்னால் இருந்தார். அருளப்பன் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அந்தச் சீட்டை எழுதியது நான்தான், தண்டனை எனக்கு வரவேண்டியது என்று தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

சாமியார் மேசை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்னக் கட்டை எடுத்து வைத்தார். "இதுல உங்க சீட்டு எது?"

பதினோரு சீட்டுகள் இருந்தன. பதினொன்றிலும் சவரிமுத்து கங்காணி. ஒன்று சேலைக்கடை ரசீதின் பின்பக்கம், ரூபியின் கையெழுத்து. ஒன்று நல்ல தாளில், மேலே அச்சடித்திருந்த முகவரியை மட்டும் கவனமாகக் கிழித்துவிட்டு எழுதியது. தாளின் தரம் எனக்குக் கன்னியர் மடத்தை நினைவூட்டியது. நான் அதைச் சொல்லவில்லை. இன்னொன்றில் 'சவரிமுத்து கங்காணி, விசாக நட்சத்திரம்' என்று இருந்தது. ஈஸ்வரன். நட்சத்திரம் சொல்லாமல் எந்தச் சாமியிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். அது எப்படித் தெரியும் என்று பின்னால் கேட்டபோது, வைகாசி விசாகத்தில் பிறந்ததாக முதல் பாகத்தில் கங்காணியே சொல்லியிருப்பதாகச் சொன்னார். இருந்த பதினொன்றில் ஆராய்ச்சி செய்து எழுதப்பட்டது அது ஒன்றுதான். சரித்திர ஆசிரியனுடையது அல்ல.

"பதினோரு சீட்டு வந்துச்சு சாமி. நான் ஒருக்காத்தான் வாசிச்சேன்" என்றார் அருளப்பன்.

"அப்படி ஒரு ஆளே இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சாமி. சீட்டு வந்தா வாசிக்கணும். இந்த நோட்டுல உள்ள எண்ணூறு பேருல முக்காவாசிப் பேரை நான் கண்ணால பார்த்ததில்லை. இவரையாவது மூணு வருசமாப் பார்த்திருக்கேன்."

சாமியார் சீட்டுகளை ரப்பர் பேண்டுக்குள் திரும்பப் போட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் இந்த ஒரு வாக்கியத்தை மைக்கில் வாசிக்க வேண்டும். வாசித்தால் மைக் அவரிடமே இருக்கும். 'கல்லறைத் திருநாளில் வாசித்த பட்டியலில் ஒரு பெயர் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது, அப்படி ஒருவர் இல்லை, வருந்துகிறேன்.' அருளப்பன் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் அங்கே எதற்கு வந்தேன் என்பது மூவருக்குமே மறந்துவிட்டது.

சனிக்கிழமை கடைசி வாரம். கொள்கையை வீட்டில் விட்டுவிட்டு நானும் ரூபி வீட்டுக்குப் போனேன். கிட்டங்கி எரிந்தது. முதலாளி எரிந்தார். எல்லாம் முடிந்தது என்று ஆனந்தமேரி எழுந்திருக்கும் நேரத்தில், ஆற்றங்கரைக் குடிசை ஒன்றின் கதவு திறந்தது. உள்ளே, தோளில் கட்டோடு, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான் சவரிமுத்து கங்காணி.

ரூபி கைதட்டினார். இது மலிவான உத்தி, செத்தவன் செத்தவனாகவே இருந்திருக்க வேண்டும், கதையின் நேர்மையே போய்விட்டது என்று நான் ஆரம்பித்தேன். "இவரு மட்டும் சீட்டு எழுதலையாக்கும்" என்றார் ரூபி. 

அருளப்பன் சந்தோஷப்படவில்லை. சட்டைப்பையிலிருந்த சாமியாரின் தாளை எடுத்துப் படித்தார். "நாளைக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

எழுதியிருப்பதை அப்படியே வாசித்துவிட்டு இறங்குங்கள் என்றேன்.

"வாசிக்கலாம் புரொபசர். அப்படி ஒருத்தர் இல்லைன்னு சொல்லணும். இப்பத்தானே ஊரே அவரைப் பார்த்துச்சு."

அவர் பிழைப்பு அது, இருபத்திரண்டு வருடம், ஒரு வாக்கியத்துக்காகப் போக வேண்டுமா என்று ஆனந்தமேரி கேட்டார். அருளப்பன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஈஸ்வரன் வந்து கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அருளப்பன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். தாளைப் பிரித்தார்.

"கல்லறைத் திருநாளில் வாசித்த பட்டியலில் ஒரு பெயர் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது."

அங்கே நின்றார். தாளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பூசை உடுப்போடு வாசற்படியில் நின்ற சாமியாரைப் பார்த்தார்.

"அவர் இறக்கவில்லை. வருந்துகிறேன்."

கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு. இந்தமுறை இளைஞர்கள் பக்கம்கூடச் சிரிப்பு இல்லை. சாமியார் மெல்ல நடந்து பீடத்துக்கு வந்து, பிதா சுதன் பெயரைச் சொல்லிப் பூசையை ஆரம்பித்தார்.

பூசை முடிந்ததும் அருளப்பனை உள்ளே கூப்பிட்டார்கள். நாங்கள் டீக்கடையில் நின்றோம். யாரும் டீ சொல்லவில்லை. விடுதிக் கதவு திறந்தும் ஈஸ்வரன் போகவில்லை. இந்த வாரம் தொடரைப் பற்றிப் பேச எவ்வளவோ இருந்தது, மூன்று வருடத்துக் கதை முடிந்திருந்தது. ஆனால் ஒருவரும் அதைத் தொடவில்லை. அரை மணி நேரம் கழித்து அருளப்பன் தெருவைத் தாண்டி வந்தார்.

"மைக்கு?" என்றார் ரூபி.

"இருக்கு."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தில் தெளிவு வரவில்லை. "சாமி ஒரு சட்டம் போட்டுட்டாரு. இனிமே சீட்டுல எழுதுறவுக பேரு இருக்கணும். செத்தவருக்கு அவுக என்ன உறவுன்னும் இருக்கணும். உறவு போடாத சீட்டை நான் வாசிக்கப்படாது."

நியாயமான சட்டம்தான் என்று நான் சொன்னேன். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஈஸ்வரன் பெஞ்சில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உபதேசியாரே, 'தெரிஞ்சவரு'ன்னு போட்டா அது உறவுல வருமா?"

அருளப்பன் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட விதத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. சாமியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து, கோயிலைப் பார்க்கத் திரும்பினார். ரூபி அவர் துண்டின் முனையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, கடைக்காரரிடம் நாலு டீ சொன்னார்.